மகனுக்காகக் கொடுத்த முடி

"பச்ச... உன் புள்ள எங்க?"

பொங்கல் பானைக்கு மஞ்சள் கொத்து கட்டிக்கொண்டிருந்த பச்சையம்மாளின் கை நின்றது. அருணகிரி ஐ.டி.ஐ.யில் முதலாவதாகத் தேறியபோது 'எம்புள்ள, எம்புள்ள' என்று அடி அண்ணாமலை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவர்தான் அவள் புருஷன் காசி. இந்த ஒரு வருஷமாக அவன் அவளுக்கு மட்டும் பிள்ளையாகிவிட்டான்.

"கெணத்தாண்ட குளிக்கறான். இதோ வந்துடுவான்."

"குளிக்கறானா, தலை சீவறானா? பொம்பள கணக்கா ஒரு மணி நேரம். மொட்ட போட கண்ணாயிரம் கத்திய தீட்டிக்கினு கோயிலாண்ட காத்துக்கினு இருப்பான். சம்பந்தி வேற செங்கத்துலேர்ந்து நேரா அங்க வராரு. இன்னிக்கு எதுனா ஏடாகூடம் பண்ணான்னா... சொல்லி வச்சிடு அவனாண்ட."

வாசலில் வண்டி பூட்டி நின்றது. மகள் கஸ்தூரி வெல்லத்தையும் அரிசியையும் எடுத்து வைத்தாள். தை மாதம் அவளுக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் வீட்டில் பாக்கி நிற்கும் வேண்டுதலை முடித்துவிட வேண்டும் என்பது காசியின் தீர்மானம்.

வேண்டுதல் பச்சையம்மாளுடையது. அருணகிரிக்கு ஏழு வயதில் விஷ ஜுரம் வந்து பதினாலு நாள் கண் திறக்காமல் கிடந்தான். அவள் ஈரப் புடவையோடு ஓடிப்போய், குலதெய்வமான பச்சையம்மன் முன்னால் விழுந்து, "பொழச்சி எழுந்தா அவன் வாலிபம் ஆனதும் தலைமுடிய ஒனக்கே குடுக்கறேன் தாயே" என்று கதறினாள். பிள்ளை எழுந்துவிட்டான். ஒரு வருஷம் மழை இல்லை, ஒரு வருஷம் வீட்டில் சாவு என்று வேண்டுதல் தள்ளிக்கொண்டே போய், 1982 ஆடி முதல் வெள்ளியில் வந்து நின்றது.

இடையில்தான் அந்தப் பஞ்சாப் லாரி வந்தது.

அவலூர்ப்பேட்டை ரோட்டில் கியர் உடைந்து, அருணகிரி வேலை பார்த்த பட்டறைக்கு அதை இழுத்து வந்தார்கள். மெட்ராஸிலிருந்து சாமான் வரும்வரை டிரைவர் குர்தயாள் சிங் ஒன்பது நாள் பட்டறையிலேயே தங்கினார். விடிவதற்கு முன்னால் எழுந்து குளித்து, ஏதோ பாட்டாக முணுமுணுத்துக் கும்பிடுவார். பிறகு ரொட்டி சுட்டுப் பட்டறையில் இருக்கும் அத்தனை பேருக்கும் போட்டுவிட்டுத்தான் தான் சாப்பிடுவார். பாதித் தமிழும் பாதி சைகையுமாக அருணகிரி அவரிடம் கேள்விமேல் கேள்வி கேட்டான். அதன்பின் மாதம் ஒரு ஞாயிறு மெட்ராஸில் சீக்கியர்களின் கோயிலான குருத்வாராவுக்குப் போய் வர ஆரம்பித்தான். முடி வெட்டுவதை நிறுத்தினான். கையில் இரும்பு வளையம் ஏறியது.

"அங்க எல்லாரும் தரையில ஒரே வரிசையா ஒக்காந்து சாப்படறாங்கம்மா" என்று ஒருநாள் அவளிடம் சொன்னான். "யாரு, எந்தத் தெருவுன்னு கேக்கறது இல்ல. வெளிய ஒருத்தரு எல்லார் செருப்பையும் தொடச்சி அடுக்கிக்கினு இருந்தாரு. யாருன்னு கேட்டா பெரிய கம்பெனி மொதலாளியாம். என் செருப்பையும் அவருதான் தொடச்சாரு. எனக்கு ஒடம்பே கூசிப்போச்சி."

"அதுக்கு இன்னாத்துக்குடா முடி வளக்கற?"

"கடவுள் குடுத்தத அப்படியே வச்சிக்கணும்னு அவங்க நெனைக்கறாங்க. எனக்கும் அது சரின்னு படுது. இன்னும் எல்லாம் தெரியல. தெரிஞ்சிக்கணும்."

பச்சையம்மாளுக்கு அது பிடிக்கவில்லை. பெற்ற பிள்ளை கண்ணெதிரிலேயே அந்நியனாகிக்கொண்டு வருவதை எந்தத் தாய்க்குப் பிடிக்கும்? வெள்ளிக்கிழமைக்கு முதல்நாள்கூட மாட்டுக் கொட்டகையில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஒருவாட்டி குடுத்துடுடா. அப்புறம் நீ வளத்துக்கோ." அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

கோயிலில் பொங்கல் பொங்கி முடிந்தது. கண்ணாயிரம் மணைப்பலகையைப் போட்டுக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தார். சம்பந்தியும் பங்காளிகளும் சுற்றி நின்றார்கள்.

"வந்து ஒக்காரு" என்றார் காசி.

அருணகிரி கை கட்டி நின்றான். "வேணாம் நைனா. சாமிக்கு வேற எது வேணா செய்றேன். வருஷம் பூரா இங்க வந்து கோயில் பெருக்கறேன். முடி மட்டும் கேக்காதீங்க."

"ஊரு ஒலகமே இந்த மலைய சுத்தறதுக்கு வந்துக்கினு கீது. இந்த மலையில இல்லாத சாமிய நீ எங்கடா போய் கண்ட?"

"இல்லன்னு நான் சொல்லல நைனா..."

அடி விழுந்தது. கன்னத்தில் விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. காசி அவன் தோளைப் பிடித்துப் பலகையில் அழுத்த, பங்காளிகள் இரண்டு பேர் கையைப் பிடிக்க வந்தார்கள். அவன் திமிறவில்லை. தலையை மட்டும் இரண்டு கையாலும் மூடிக்கொண்டு குனிந்தான்... ஏழு வயதில் ஜுரத்தில் குளிர் தாங்காமல் சுருண்டு கிடந்தது போல.

பச்சையம்மாளால் அதைப் பார்க்க முடியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அவனை எழுப்பிவிட்டு, தான் பலகையில் உட்கார்ந்தாள். முடிச்சை அவிழ்த்தாள். நாற்பத்தி மூன்று வயதிலும் இடுப்புக்குக் கீழே புரளும் முடி.

"நேந்துக்கினவ நான். அவன் வாய் தொறந்து நேந்துக்கல. அவன் தலையில கத்தி வச்சித்தான் எஞ்சாமிக்குக் குடுக்கணும்னா அது வேண்டுதலே இல்ல. எடுங்க கண்ணாயிரம்."

கண்ணாயிரம் காசியைப் பார்த்தார். காசி திரும்பி நடந்துவிட்டார்.

அன்றோடு அவர் அவளிடம் பேச்சை நிறுத்தினார். அம்மாவும் பிள்ளையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு சம்பந்தி முன்னால் தன்னைத் தலைகுனிய வைத்துவிட்டார்கள் என்பது அவர் முடிவு. சோறு வேண்டுமென்றால் மகளிடம் கேட்டார். மாட்டுக்குத் தண்ணி காட்டச் சொல்வதென்றால் மாட்டைப் பார்த்துச் சொன்னார். முதல்நாள் தான் கெஞ்சியதை அவள் சொல்லியிருக்கலாம். சொன்னால் பழி முழுக்கப் பிள்ளை தலையில் விழும். வாயை மூடிக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்து அருணகிரி பையோடு வந்து நின்றான்.

"குர்தயாள் அண்ணன் டெல்லியில சொந்தமா பட்டறை போட்டுட்டாரு. கூப்டறாரு. நான் இங்க இருக்கிற வரைக்கும் நைனா உன்னாண்ட பேச மாட்டாரும்மா."

"நீ போனா பேசுவாரா?"

முந்தானையால் மூடிய அவளுடைய மொட்டைத் தலையில் அவன் கை வைத்தான். வீட்டுக்குக் கடிதாசு வரக்கூடாது என்று காசி உள்ளிருந்தே கத்தியது வாசல்வரை கேட்டது.

அவன் இல்லாமலே தையில் கல்யாணம் நடந்தது. மைத்துனன் செய்ய வேண்டிய சடங்கைப் பெரியப்பன் மகன் செய்தான். மணப்பெண் அழுதது புகுந்த வீட்டுக்குப் போவதற்காக என்று எல்லோரும் நினைத்தார்கள்.

கடிதாசுகள் ராமதாஸ் வீட்டுக்கு வந்தன. ராமதாஸ் பட்டறையில் அருணகிரியோடு வேலை பார்த்தவன். ஊருக்கு வெளியே காலனியில் வீடு. மல்லாட்டைக் காட்டில் கடலைக்குக் களையெடுக்கப் போகிற சாக்கில் பச்சையம்மாள் அங்கே போவாள். அவன் தாய் சரசு முறத்தை நகர்த்தி இடம் விடுவாள். ராமதாஸ் நிறுத்தி நிறுத்திப் படிப்பான். 'இப்போது தலைப்பாகை கட்டுகிறேன். குர்தயாள் அண்ணன்தான் கட்டக் கற்றுக்கொடுத்தார். நைனா உன்னிடம் பேசுகிறாரா?' ஒவ்வொரு கடிதாசும் அந்தக் கேள்வியோடுதான் முடியும். 'பேசறாரு' என்று எழுதச் சொல்லிவிட்டுத் திரும்புவாள்.

இப்படி இரண்டு வருஷம் போயிற்று.

1984 நவம்பர். ஊர் முழுக்கக் கடை அடைப்பு. பிரதமரை அவர் காவலுக்கு நின்ற சிங்குகளே சுட்டுவிட்டார்கள், டெல்லியில் சிங்குகளைத் தேடித்தேடிக் கொளுத்துகிறார்கள் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பச்சையம்மாளுக்கு அடுப்பு மூட்டக் கை வரவில்லை. வாசலுக்கும் கிணற்றுக்குமாக நடந்தாள். ராமதாஸ் தந்தி அடித்தான், பதில் இல்லை. ஒரு நாள்... இரண்டு நாள்... ஐந்தாம் நாளும் பதில் இல்லை. காசி எப்போதும் போல வயலுக்குப் போனார், வந்தார். இந்த மனுஷனுக்கு நெஞ்சு இருக்கிற இடத்தில் என்னதான் இருக்கிறது என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

ஆறாம் நாள் மழையில் நனைந்துகொண்டே டீக்கடையிலிருந்து வந்தவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பச்ச..."

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரலில் தன் பெயரைக் கேட்டு அவள் திடுக்கிட்டாள்.

"தலப்பா கட்டனவங்கள பாத்து பாத்து கொல்றாங்களாம். டயர மாட்டி... நம்ம புள்ள... அவன் விலாசம் யாராண்ட இருக்குது? உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும்னு."

நம்ம புள்ள. அவள் ராமதாஸ் வீட்டை நோக்கி முன்னால் நடந்தாள்.

காலனிக்குள் காசி வருவதைப் பார்த்து ஆட்கள் எழுந்து நின்றார்கள். ராமதாஸ் வீட்டு வாசலில் எதை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். சரசு தயங்கித் தயங்கிச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, கொடுப்பதா வேண்டாமா என்று நின்றாள். அவரே கை நீட்டி வாங்கி மடமடவென்று குடித்தார்.

"லாரிக்காரங்களாண்ட பேசிப் பேசி உனக்கு இந்தி வருமாம்ல. என்ன கூட்டிக்கினு போறியாப்பா?"

"நீங்க கேக்கலன்னாலும் நாளைக்கு நான் கெளம்பறதா இருந்தேங்க" என்றான் ராமதாஸ்.

இருவரும் போன பிறகு பச்சையம்மாள் தனியாக இருந்தாள். டவுனில் தீபத் திருநாளுக்குப் பந்தல் போட ஆரம்பித்துவிட்டார்கள். பஸ் பஸ்ஸாக ஜனம். படுத்தால் தீ தெரிந்தது. எழுந்தால் கால் வாசலுக்கு ஓடியது. கஸ்தூரி வந்து ஊட்டிய சோற்றைத் தள்ளிவிட்டாள். 'நான் அன்னிக்கு அவன ஒக்கார வச்சிருந்தா, அவன் முடிய குடுத்திருந்தா, இங்கயே இருந்திருப்பானே. நானே எம்புள்ளைய அனுப்பிட்டேனே...' இதையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லிக் கஸ்தூரியையும் அழ வைத்தாள்.

பதினோராம் நாள் மத்தியானம் பஸ் நின்ற இடத்திலிருந்து மூன்று பேர் நடந்து வந்தார்கள். காசி ஒருவர், ராமதாஸ் ஒருவன். நடுவில் இருந்தவனை அவளுக்குத் தெரியவில்லை. தாடி மீசை இல்லை. தலைமுடி, எலி கடித்த துணி மாதிரி அங்கங்கே கத்தரித்துக் கிடந்தது. அவன் கிட்டே வந்து "அம்மா" என்றபோதுதான் தெரிந்தது.

அவனைக் கட்டிக்கொண்டு முதுகு, தோள், கை எல்லாம் தடவிப் பார்த்தாள். உயிர் இருந்தது. அவன் அழவில்லை. தூணில் சாய்ந்து உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் சொன்னான்:

"பக்கத்து வீட்டம்மா உள்ள இழுத்துப் பூட்டிட்டு அவங்களே கத்திரிக்கோல் எடுத்தாங்க. நான் தலைய குடுத்துட்டேம்மா. குர்தயாள் அண்ணனையும் கெஞ்சினாங்க. அவரு மாட்டேன்னுட்டாரு. சிரிச்சிக்கினே சொன்னாரு. பட்டறை வாசல்லயே அவர கொளுத்தி... சன்னல் வழியா நான் பாத்துக்கினு இருந்தேன். அவரு குடுக்கல. நான் குடுத்துட்டேன்."

வாசற்படியில் நின்றிருந்த காசி உள்ளே வந்தார். அந்தத் தலையை மார்போடு சேர்த்துக்கொண்டார்.

"நான் கேட்டது இது இல்லடா... சத்தியமா நான் கேட்டது இது இல்ல. எவனோ பயமுறுத்தி எடுக்கறதுக்கா எம்புள்ள முடிய கேட்டேன்?" சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துபோயிற்று. "அன்னிக்கு கோயில்ல நானும் அதத்தான பண்ணப் பாத்தேன்."

அப்போதுதான் அருணகிரி அழுதான்.

சிறிது நேரம் கழித்துக் காசி அவளிருந்த பக்கம் திரும்பினார். "ரயில்ல எல்லாம் சொன்னான். மொத நாளு நீ கொட்டகையில கெஞ்சினியாமே. ஒரு வார்த்த எங்கிட்ட சொன்னியா? ரெண்டு வருஷம்... நான் பேசாத இருந்ததெல்லாம் அநியாயம்னு தெரிஞ்சும் சும்மா இருந்துட்டியே பச்ச."

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

அவர் யோசித்தார். "இல்ல" என்றார்.

தை பிறந்ததும் அருணகிரி மறுபடி டெல்லிக்குப் போவதாகச் சொன்னான். குர்தயாள் சிங்கின் மனைவி இரண்டு குழந்தைகளோடு நிவாரண முகாமில் இருந்தாள். பட்டறையை மறுபடி எழுப்ப வேண்டும். வேண்டாம் என்று காசி சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்துப் பச்சையம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"போவட்டும்" என்றார் காசி. "நம்ம புள்ளைக்கு ரொட்டி போட்ட வீடு. அந்தம்மாவ தனியா வுடறது தப்பு."

கிளம்புகிற அன்று காலையில் அவள் வழிச்சோறு கட்டிக்கொண்டிருந்தாள். முற்றத்தில் அருணகிரி தலைப்பாகைக்கான நீளமான நீலத் துணி ஒன்றைப் பிரித்து, ஒரு நுனியைச் சன்னல் கம்பியில் கட்டி, மறுநுனியை இழுத்து மடிப்பு வைத்துக்கொண்டிருந்தான். முடி இன்னும் காதைத் தொடவில்லை. துணி நழுவி நழுவி அவிழ்ந்தது.

பல் தேய்த்துக்கொண்டிருந்த காசி வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். சன்னல் கம்பியில் இருந்த முடிச்சை அவிழ்த்துத் தன் கையில் பிடித்துக்கொண்டார்.

"எந்தப் பக்கம் இழுக்கணும்?"

அருணகிரி நழுவிய துணியை மறுபடி பிரித்தான். பிறகு, "ரெண்டு மூலையையும் சேத்து கெட்டியா புடிங்க நைனா. நான் மடிச்சிக்கினே வரேன்" என்றான்.

பச்சையம்மாள் வழிச்சோற்றை அப்படியே வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். முந்தானை நனைந்துகொண்டே இருந்தது, அவள் துடைக்கவில்லை. அப்பனும் மகனும் ஆளுக்கு ஒரு முனையாக இழுத்துப் பிடிக்க, மடிப்பு ஒவ்வொன்றாக விழுந்தது. காசி துணியை விடாமல் மகனை நோக்கி ஒவ்வோர் அடியாக நடந்து வந்தார்.