பிஸ்டனில் ஒரு ஓட்டை

திங்கட்கிழமை. காலை 8.20.

சிலுவைதாசனின் வள்ளத்தைத் தன் வள்ளத்தோடு கயிறு கட்டி இழுத்து வந்து கரையில் விட்டான் ரிஜோ. மோட்டார் செத்திருந்தது. நான்கு பேர் நடுக்கடலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சும்மா கிடந்திருக்கிறார்கள்.

அந்த மோட்டாரைச் சபிதா பழுது பார்த்துக் கொடுத்தது சனிக்கிழமைதான்.

8.45-க்கு ஏலக்கூடத்தில் ஊர் கூடிவிட்டது. மீன் இல்லாத சிமெண்டுத் தரையில் மோட்டாரைக் கிடத்தியிருந்தார்கள். ஊர்க் கமிட்டித் தலைவர் ததேயுஸின் கையில் ஒரு தாள். ‘வேலையில் பிழை செய்தேன். இனி இந்தக் கரையில் மோட்டார் தொடமாட்டேன்.’ கீழே கையெழுத்துக்கு இடம்.

“ஒப்பு போடு மோளே. சோலி முடிஞ்சிரும்.”

“எனக்க சோலியா மாமா?”

யாரோ சிரித்தார்கள். சபிதா சிரிக்கவில்லை. ஐ.டி.ஐ. படித்தவள். பொம்பளைக்கு எதுக்கு மோட்டார் என்று கேட்டவர்களின் மோட்டார்களைத்தான் நான்கு வருடமாக ஓட வைக்கிறாள். ஒப்பு போட்டால் அதோடு பட்டறைக்குப் பூட்டு.

“தொறந்து பாக்காம போடமாட்டேன்.”

“இன்னும் என்னத்தப் பாக்க?” என்றான் ரிஜோ. “மண்ணெண்ணெயில எஞ்சின் எண்ணெயக் கொறச்சுக் கலக்கச் சொல்லியிருப்பா. சூடாயி பிஸ்டன் பிடிச்சிருக்கும். எனக்க பெட்ரோல் மோட்டார இவ கையில குடுக்காதது அந்தோணியாருக்க புண்ணியம்.”

கரையில் மற்றவை எல்லாம் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் மோட்டார்கள். ரிஜோவுடையது மட்டும் முழுக்கப் பெட்ரோலில் ஓடுவது. அதே கம்பெனி, அதே அளவு. ஆனால் பெட்ரோல். அதைச் சொல்லாமல் அவனுக்குப் பொழுது போகாது.

சபிதா சிலுவைதாசனிடம் திரும்பினாள்.

“எப்பம் நின்னுது அண்ணே?”

“நாலரைக்குப் போனோம். ஆறு மணிக்கு நின்னுது.”

“முன்னால சத்தம் உண்டா?”

“டின்னுல கல்லப் போட்டு குலுக்கின மாதிரி. வேகம் கூட்டக் கூட்ட கூடிச்சு.”

“சனிக்கிழம டிரம்முத் தண்ணியில ஓட்டிக் காட்டினப்பம்?”

“அப்பம் இல்ல.”

“பொறவு மோட்டாரு எங்க கெடந்துது?”

“வலைக் கொட்டகையில. ஞாயித்துக்கெழம ஆரு கடலுக்குப் போவா? எல்லாவரும் பூசைக்குப் போயாச்சு.”

“வேற?”

“கண்ணு எரிச்சல்தான். இந்த ரிஜோ வள்ளத்துக்குப் பின்னால வந்ததுல வழி நெடுக மண்ணெண்ணெப் பொகையக் குடிச்சாச்சு.”

கூட்டம் மறுபடி சிரித்தது. சபிதா ஸ்பானரை எடுத்தாள்.

அவளுக்கு ஒரு வழக்கம். முறுக்கி முடித்த ஒவ்வொரு போல்ட்டிலும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு இழுப்பாள். போல்ட்டின் தலையில் தொடங்கி, அடியில் உள்ள உலோகத்தில் முடியும் கோடு. போல்ட் அசைந்தால் கோடு விலகும். கரை முழுக்க இதற்குக் கேலி உண்டு.

“பாருங்க, எல்லா போல்ட்டுலயும் இவளுக்க பொட்டு. வேற ஆரும் தொடல,” என்றான் ரிஜோ.

சிலிண்டர்களை மூடும் ஹெட்டில் பத்து போல்ட். பத்தின் தலையிலும் சிவப்பு. சபிதா வெகுநேரம் பார்த்தாள். பிறகு முதல் போல்ட்டில் ஸ்பானரை மாட்டினாள்.

9.30. ஹெட் கழன்றது. இரண்டில் மேல் பிஸ்டனின் நடு உச்சியில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை.

“எண்ணெய் கொறஞ்சா பிஸ்டனுக்க பக்கவாட்டுல கீறல் விழும். தடவிப் பாருங்க மாமா.”

ததேயுஸ் தடவினார். வழுவழுவென்று இருந்தது.

“பிளக்குத் தீ விழுத டைமிங் முந்தினாலும் உச்சியில ஓட்டை விழும்.” பிளைவீல் சக்கரத்தைக் கழற்றினாள். டைமிங் தட்டின் திருகுகளிலிருந்து அடி உலோகம்வரை சிவப்புக் கோடு விலகாமல் நின்றது. “இது அசையல. பாக்கி ஒண்ணுதான்.”

ஹெட்டைக் கவிழ்த்து வைத்தாள். ஊசி மருந்துக் குழாயில் எண்ணெய் எடுத்து அதன் குழியில் விட்டாள். பன்னிரண்டு மில்லியில் நிறைந்தது. பட்டறையில் கிடந்த பழைய மண்ணெண்ணெய் மோட்டாரின் ஹெட்டை வரவழைத்து அதிலும் விட்டாள். பதினேழு பிடித்தது.

“குழி சின்னதானா உள்ள போறது கூடுதலா அமுங்கும். பெட்ரோலுக்கு ஆக்டேன் கூடுதல், தாங்கும். மண்ணெண்ணெய்க்குக் கம்மி, தாங்காது. பிளக்குத் தீ பரவி வாறதுக்குள்ள மூலையில தானா வெடிக்கும். அண்ணன் கேட்ட கல்லுச் சத்தம் அதுதான். இது பெட்ரோல் மோட்டாருக்க ஹெட்டு.”

எல்லோரும் ரிஜோவின் பக்கம் திரும்பினார்கள். கரையில் பெட்ரோல் மோட்டார் ஒன்றுதான்.

“அப்பம் நீதான் மாத்திப் பூட்டியிருக்க ஏட்டி,” என்றான் ரிஜோ. “உனக்க பொட்டுல்லா இருக்கு!”

“பொட்டு இல்லலே, கோடு. பாதி போல்ட்டுல, பாதி ஹெட்டுல. இந்த ஹெட்டுல பாதி எங்க?”

ததேயுஸ் குனிந்தார். பத்துத் துளைகளைச் சுற்றியும் வெறும் சாம்பல் நிறம்.

“போல்ட்ட மட்டும் திருப்பிப் பூட்டினா போதும்னு நெனச்சிருக்கான். மிச்சப் பாதி பத்தும் நான் பூட்டின ஹெட்டுல இருக்கு. பெட்ரோல் விக்குத வெலைக்கு மண்ணெண்ணெயில ஓட்ட ஆச. அதுக்கு ஏத்த ஹெட்டு பூசை நேரத்துல சும்மா கெடந்துது. எடுத்துட்டுத் தனக்க ஹெட்ட இதுல வச்சான். எல்லா வள்ளமும் அதே பொகைதான், ஆரு கவனிப்பா? ஆனா பெட்ரோல் மோட்டாருக்கு மண்ணெண்ணெப் பொக எங்கேருந்து வந்துது ரிஜோ? நேத்து உன்னயப் பூசையில கண்டவங்க உண்டா?”

“எனக்குக் காய்ச்சலு. எனக்க மோட்டாரத் தொட்டா கை இருக்காது.”

“நான் தொடல. நீயே மூடியத் தொற.”

ரிஜோ அசையவில்லை. சிலுவைதாசன் அசைந்தான். கடலில் கிடந்த நான்கு பேரில் ஒருவன் அவன் மகன். நேரே ரிஜோவின் வள்ளத்துக்குப் போனான். எல்லோரும் பின்னால் போனார்கள்.

10.25. மூடி திறந்தது. ஹெட்டின் போல்ட் தலைகளில் சிவப்பு இல்லை. சுற்றிலும் கறுப்பு எண்ணெய். சிலுவைதாசன் லுங்கி முனையால் துடைத்தான். ஹெட்டில் சிவப்புப் பாதிக் கோடுகள் தெரிந்தன. உரக்க எண்ணினான். பத்து.

“நாலு உயிருலே,” என்றான்.

ததேயுஸ் செருமினார். “செரி மோளே. தப்பா நெனச்சுட்டோம். மனசுல வைக்காத.”

“வைப்பேன் மாமா.”

அவர் கையிலிருந்த தாளை வாங்கினாள். முன்பக்கத்தைக் குறுக்கே அடித்தாள். திருப்பி, மறுபக்கத்தில் எழுதினாள். ‘சபிதாவின் வேலையில் பிழை இல்லை. விசாரிக்காமல் பழி சொன்னது கமிட்டி.’ எண்ணெய் விரல்களின் தடம் ஓரத்தில் விழுந்தது.

தாளையும் பேனாவையும் நீட்டினாள்.

“எல்லாரும் கேக்க வாசிங்க. வாசிச்சுட்டு ஒப்பு போடுங்க மாமா. சோலி முடிஞ்சிரும்.”