ஒளிஞ்சான் அருவியில் ஒரு குறட்டை

காலையில் எழுந்ததும் நானும் என் மனைவி பெலிசிட்டாவும் ஒருவர் காலை ஒருவர் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளங்காலைப் பார்ப்போம். முள், வெட்டு, கொப்புளம், அட்டை. இந்த மலையின் அட்டைகள் ஒவ்வொன்றும் நாய்க்குட்டி பருமன். ஒன்று என் கெண்டைக்காலில் குடியேறி, பேரன் பேத்தி எடுத்த பிறகுதான் கண்ணில் பட்டது. பெலிசிட்டா இதை மறுப்பாள். துறைமுகத்தில் எடைமேடை பார்த்தவள்; உள்ளதற்கு மேல் ஒரு கிராம்கூடச் சொல்ல மாட்டாள். நான் அதே துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். உயரத்தில் உட்கார்ந்து பழகியவனுக்குப் பேச்சும் கொஞ்சம் உயரமாகத்தான் வரும்.

“எடது குதிங்கால்ல வெட்டு இருக்கு, பாத்துக்கிடுங்க” என்றாள் அன்று.

“வலிக்குதான்னு கேளு.”

“உங்களுக்கு எங்க வலிக்கப் போவுது? வலிச்சா திருச்சியில வலிக்கணும்.”

“அவ முழிச்சிருந்தா.”

பெலிசிட்டா சிரிக்காமல் மருந்து தடவினாள். தடவியதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

தூத்துக்குடியின் பாதியைக் கடல் எடுத்துக்கொண்டு, மீதியை வெயில் எடுத்துக்கொண்ட பிறகு, எங்களில் கொஞ்சம் பேரை மேகாலயாவின் சுண்ணாம்புக்கல் மலைகளில் குடியேற்றினார்கள். வீடு சும்மா கிடைக்கவில்லை. சமவெளியில் இருப்பவர்கள் குளிரூட்டிய அடுக்ககங்களை விட்டு வெளியே தலை நீட்ட முடியாது. நீட்டினால் முடி பொசுங்கும், நானே பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் காடு வேண்டும், மழை வேண்டும், அருவி வேண்டும். அதற்குத்தான் நாங்கள். கழுத்தில் உணர்கடத்தி என்ற பட்டையை மாட்டிக்கொண்டு மலையேறுகிற நடையர்கள்.

பட்டையின் விதி ஒன்றே ஒன்றுதான். தொடுவுணர்வை நகலெடுக்க முடியாது, இடம் மாற்றத்தான் முடியும். மூங்கில் காட்டின் ஈரம், பாசியின் வழுக்கல், தலையில் கொட்டுகிற தண்ணீர், எல்லாம் என் தோலில் பட்டு, கழுத்துவரை வந்து, அங்கிருந்து சமவெளியில் சந்தா கட்டியிருக்கிற பெறுநருக்குப் போய்விடும். எனக்குக் கண்ணும் காதும் வாயும் மிச்சம். வாயை நான் எப்படிப் பயன்படுத்துகிறேன் என்பது மேகாலயா முழுக்கப் பிரசித்தம்.

என் பெறுநர் திருச்சியில் ஒரு பெண்மணி. பெயர் வைதேகி. ஏழு வருடமாக என் கால்களின் அத்தனை சுகத்தையும் வாங்கித் தூக்கத்தில் போட்டுக்கொண்டிருக்கிறார். பட்டையில் உள்ள ஒலிபெருக்கி வழியாக அவர் என்னிடம் பேசியதைவிடக் குறட்டை விட்டதே அதிகம். பெலிசிட்டாவின் பெறுநர் சேலத்துக்காரர், கதிரேசன். நல்ல மனிதர். அவளுக்கு முள் குத்தினால் “ஐயோ அக்கா, வலது கால், வலது கால்!” என்று அலறி உடனே தகவல் கொடுத்துவிடுவார்.

இரவில் பெறுநர் பக்கத்தை அடைத்துவிடுவார்கள். அந்த அளவுக்கு மானம் மரியாதை பார்க்கிற நிறுவனம். ஆனால் எங்கள் பக்கம் திறக்காது; உணர்வு ராத்திரியிலும் எங்களுக்குத் திரும்பாது. பட்டை ஒப்பந்தம் முடியும்வரை பூட்டியே இருக்கும். ஏழு வருடம் முடிகிற அன்று நண்பகலில் பூட்டு தானாக விடும். கழற்றிவிட்டால் வீடு நமக்கு, உடம்பும் நமக்கு. திரும்ப மாட்டினால் இன்னும் ஏழு வருடம்.

அந்த நண்பகல் அன்றுதான். பெலிசிட்டா ஒரு மாதமாகவே இடத்தை முடிவு செய்து வைத்திருந்தாள்.

“ஒளிஞ்சானுக்குக் கீழ நிக்கணும். நீங்களும் நானும் கையப் புடிச்சிக்கிட்டு. பூட்டு விடுத நேரத்துல தண்ணி நம்ம மேல விழுந்துக்கிட்டு இருக்கணும்.”

“நம்ம மேல விழுந்தா ரெண்டு பேரும் தூத்துக்குடியில போயி விழுவோம்டி. ஆயிரம் அடி!”

“இருநூறு” என்றாள்.

கழற்றினால் உணர்வு திரும்புமா என்று கேட்டதற்கு டாக்டர் சொன்னதை இருவரும் பேசவில்லை. “தபால் வந்துகொண்டுதான் இருக்கும். ஏழு வருடம் பூட்டிக் கிடந்த வீட்டில் அதை வாங்க ஆள் இருக்குமா என்பதுதான் கேள்வி. சிலருக்கு உடனே திரும்பும், சிலருக்குப் பல வருடம் ஆகும், சிலருக்கு…” என்று அவர் கையை விரித்திருந்தார்.

ஒளிஞ்சான் என்பது நாங்கள் வைத்த பெயர். ஓடை ஒன்று காட்டுக்குள் நம் கூடவே நடந்து வரும். திடீரென்று ஒரு சுண்ணாம்புக்கல் குழிக்குள் இறங்கிக் காணாமல் போகும். பாறைக்குள் இருட்டில் எங்கெங்கோ சுற்றி, அந்தப் பக்கத்துச் செங்குத்துப் பாறையின் நடு வயிற்றில் பொத்துக்கொண்டு விழும். அதன் அடிக்குப் போக ஒரே வழி, திட்டு. பாறையை ஒட்டிய விளிம்பு, ஓர் ஆள் அகலம். என் கணக்கில் ஒரு பல்லி அகலம். கால் உணர்வில்லாதவர்கள் அதில் காலைப் பார்த்துப் பார்த்து வைக்க வேண்டும். அங்கே மட்டும் நான் முன்னால் போய், பின்னால் கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொள்வேன்.

“பயமா இருக்கா?” என்று கேட்டேன்.

“உங்களுக்கு?”

“எனக்கா? கிரேன் உச்சியில உக்காந்து புயலோட சீட்டு வெளையாடுனவன்டி நான்.”

திட்டைத் தாண்டி அருவிக்கு அடியில் போய் நின்றோம். தண்ணீர் எங்கள்மேல் கொட்டியது, சத்தத்தில் தெரிந்தது. என் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது; கண்ணில் தெரிந்தது. பட்டையில் வைதேகி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது கதிரேசன் குரல் வந்தது. “அக்கா, இன்னும் கொஞ்ச நேரந்தானுங்களே. போறதுக்கு முந்தி ஒண்ணு சொல்லிடறனுங்க. கோவிச்சுக்காதீங்க.”

“சொல்லுங்க தம்பி.”

“நான் சந்தா கட்டறது இந்த அருவிக்காக இல்லைங்க. அது நல்லாத்தான் இருக்குது, சில்லுனு. ஆனா அந்தத் திட்டுல அண்ணன் உங்க கையப் புடிப்பாருங்களே… அதுக்காகத்தானுங்க. என் கைய யாரும் புடிச்சதில்லைங்க. மன்னிச்சுக்கங்க.”

பெலிசிட்டா பதில் சொல்வதற்குள் டிக் என்று ஒரு சத்தம். அவள் பட்டை திறந்துகொண்டது. அடுத்து என்னுடையது. குறட்டை நின்றது.

நாங்கள் பட்டைகளைக் கழற்றிப் பாறை இடுக்கில் வைத்தோம். கையைப் பிடித்துக்கொண்டோம். காத்திருந்தோம்.

உலகத்தில் உள்ள அத்தனை தண்ணீரும் எங்கள்மேல் விழுந்தது என்று எழுதத்தான் ஆசை. எனக்கு ஒன்றும் விழவில்லை. யாரோ இரண்டு கிழங்கள் நனைவதைப் பக்கத்து அறைக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல இருந்தது. துக்கமும் வரவில்லை. அதற்கும் கொஞ்சம் தோல் வேண்டும் போலிருக்கிறது.

“எப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

என் வாய்க்கு ஏற்ற வேளை. ஆயிரம் ஊசி, பத்தாயிரம் ஐஸ்கட்டி, மேலே யாரோ வெள்ளியை உருக்கி ஊற்றுகிறார்கள் என்றெல்லாம் அளந்திருக்கலாம். “குளிருது” என்றேன். என் வாழ்நாளிலேயே இவ்வளவு பெரிய பொய் சொன்னதில்லை.

அவள் என்னை எடை பார்த்தாள். “எனக்கு ஒண்ணும் தெரியல” என்றாள். “தண்ணி தெரியல. ஒங்க கையும் தெரியல.”

“வரும்டி. டாக்டர் சொன்னாருல்லா. பொறுமையா இருந்தா பல வருசம் கழிச்சாவது வரும்.”

“எனக்கு எழுவது ஆவுது” என்றாள். பிறகு, நான் தடுப்பதற்குள், குனிந்து பட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டி அழுத்திவிட்டாள்.

“ஏட்டி! ஏழு வருசம்டி!”

அவள் காதில் வாங்கவில்லை. “தம்பி, இருக்கியளா?”

“அக்கா?” என்றார் கதிரேசன். “திரும்ப மாட்டிட்டீங்களா?”

“அத விடுங்க. இவரு என் கையப் புடிச்சிருக்காரு. எப்படி இருக்குன்னு சொல்லுங்க.”



“சொரசொரன்னு இருக்குதுங்க. பெருவிரல் அடியில தடிப்பா ஒரு தழும்பு. சூடு நிறைய. அப்புறம்… நடுங்குதுங்க. அண்ணன் கை எப்பவுமே நடுங்கும். திட்டுல ரொம்ப. முதல் நாள்ல இருந்தே அப்படித்தானுங்க. நடுங்க நடுங்க இன்னும் இறுக்கிப் புடிப்பாரு.”

பெலிசிட்டா என்னைப் பார்த்தாள். நான் என் கையைப் பார்த்தேன். தண்ணீர்த் திரைக்கு அந்தப் பக்கம், எனக்குச் சொல்லாமலே அது நடுங்கிக்கொண்டிருந்தது.

“புயலோட சீட்டு வெளையாடுனவரு” என்றாள் அவள். கண்ணை மூடிக்கொண்டாள். “இன்னும் சொல்லுங்க தம்பி.”

அவர் சொல்லச் சொல்ல அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. அவள் கை எப்படி இருக்கும்? ஏழு வருடத்தில் மெலிந்திருக்குமா? அதுவும் நடுங்குகிறதா? என் பட்டையை எடுத்தேன். ஏழு வருடம் என்று ஒருமுறை நினைத்தேன். மாட்டி அழுத்தினேன்.

“வைதேகியம்மா!” என்று கத்தினேன். “எந்திரிம்மா! அருவிய விடு, அது கெடக்கு! ஒன் வலது கையில ஒரு கை இருக்கு பாரு, அது எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுத் தூங்கு தாயே!”

குறட்டை வந்தது. அருவிச் சத்தம் பெரிதா, குறட்டை பெரிதா என்று கேட்டால், இதில் மிகை ஒன்றும் இல்லை, குறட்டைதான். நான் கத்திக்கொண்டே இருந்தேன். நடுநடுவே குனிந்து, பெலிசிட்டாவின் கையை இன்னும் விடாமல்தான் பிடித்திருக்கிறேனா என்று பார்த்துக்கொண்டேன்.