பள்ளிக் கணினியைக் கொன்றவர்

சனிக்கிழமை, காலை 10.20. சிட்னி, குவேக்கர்ஸ் ஹில்.

கணினி செத்துக் கிடந்தது. விளக்கு எரிந்தது, திரையில் வெறும் குப்பை எழுத்துகள்.

நாற்பது வருடங்களுக்கு முன் பள்ளிக்கூடங்களுக்கு விற்கவென்று ஒரு கம்பெனி செய்து பார்த்த மாதிரி இயந்திரம் அது. விற்பனைக்கு வருமுன்பே கம்பெனி மூடிவிட்டது. அதைப் பரீட்சித்த பள்ளியில் பின்னாளில் கணக்கு வாத்தியாராக இருந்த கணேசலிங்கம், குப்பைக்குப் போகவிருந்ததை வீட்டுக்குத் தூக்கி வந்தார். மிஞ்சியது இந்த ஒன்றுதான். திங்கட்கிழமை அருங்காட்சியகத்தார் வருகிறார்கள்; ஓடினால்தான் எடுப்பார்கள்.

“உள்ளுக்கிருந்த புரோகிராமை இளங்கீரன்தான் களவெடுத்தவன். இதில கைவைக்கத் தெரிஞ்ச ஆள் வேற ஆர்?” என்றார் கணேசலிங்கம்.

இளங்கீரன் அவருடைய நெடுநாள் நண்பர், எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர். நேற்றே போனில் கள்ளன் என்று திட்டி நட்பை முறித்தாயிற்று. கணினிக் குற்றங்களைத் துப்பறியும் சிவாஜினிக்கு இன்று லீவு. கணேசலிங்கம் மாமா முறை என்பதால் தப்ப வழியில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு விசாரித்தாள்.

கடைசியாக எப்போது ஓடியது? சரஸ்வதி பூசையன்று. பிறகு? வாஸ்துப்படி வடக்கு யன்னலோரம் வைத்தாராம். மூடி? வருகிறவர்கள் உள்ளே பார்க்கட்டும் என்று திறந்தே விட்டாராம்.

தேநீர் கொண்டுவந்த அவர் மனைவி ரஞ்சினி, இந்த அறைக்குள் மனிசர் இருக்கேலாது என்று முணுமுணுத்தபடி யன்னல் திரையை இழுத்து மூடினாள்.

சிவாஜினி குனிந்து பார்த்தாள். புரோகிராம் இருந்த ஒவ்வொரு சிப்பின் நடுவிலும் குட்டிக் கண்ணாடி. அதைச் சுற்றிப் பசைத் தடம். பக்கத்தில் காய்ந்த சந்தனப் பொட்டு.

“இதில ஒட்டியிருந்த ஸ்டிக்கர் எங்க, மாமா?”

“ஊத்தை பிடிச்சுக் கிடந்தது. பூசைக்கு முதல் நான்தான் உரிச்சுத் துடைச்சனான்.”

அவளுக்குத் தலையிலடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

“அப்ப கொன்றது நீங்கள்தான்.”

அந்தக் காலத்துச் சிப்பில் உள்ள புரோகிராமை அழிப்பதே கண்ணாடி வழியாகப் புற ஊதா ஒளியைப் பாய்ச்சித்தான். நாட்கணக்கில் வெயிலில் கிடந்தாலும் அழியும். ஸ்டிக்கர்தான் காவல் என்று விளக்கினாள்.

“வடக்குப் பக்கம் வெயில் எங்க, பிள்ளை?”

“அது யாழ்ப்பாணத்தில. சிட்னியில வெயில் வடக்காலதான் அடிக்கும். முப்பது வருசமா இஞ்சதானே இருக்கிறியள்.”

கணேசலிங்கம் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

சிவாஜினி இளங்கீரனுக்குப் போன் எடுத்து, அவர்மேல் பிழையில்லை என்றாள். மறுமுனை தயங்கியது. போன வருடம் கணேசலிங்கம் தேநீர் போடக் குசினிக்குப் போன நேரம், கேட்டால் தரமாட்டான் என்று கேட்காமலே புரோகிராமைப் பிரதி எடுத்ததாக இளங்கீரன் ஒப்புக்கொண்டார். அது பத்திரமாக இருக்கிறதாம், சிப்பில் திரும்ப ஏற்றலாமாம்.

சிவாஜினிக்குச் சலித்துப் போயிற்று. போனை நீட்டினாள்.

“இதுவும் களவுதான், மாமா. கேஸ் போடுறதோ, கொப்பியை வாங்கிறதோ, நீங்களே கதையுங்கோ.”

கணேசலிங்கம் போனை வாங்கிக் காதில் வைத்தார்.

“மச்சான், சாப்பிட்டிட்டியோ?”