திரை மூடியிருந்தால்

இஸ்திரி மூச்சை அடக்கிப் பார்த்தாள். மேல் படுக்கையில் கேட்டுக்கொண்டிருந்த மூச்சும் நின்றது. விட்டாள்; மேலேயும் விட்டது. ஒருமுறை என்றால் தற்செயல் என்று திரும்பிப் படுத்திருப்பாள். ஐந்து முறை செய்து பார்த்துவிட்டாள்.

மதியம் இரண்டு மணி. மேல்தளத்தில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும், பயணிகள் நீச்சல்குளத்தைச் சுற்றி எண்ணெய் பூசிக்கொண்டு படுத்திருப்பார்கள். ஆனால் அந்தச் சொகுசுக் கப்பலில் வேலையாட்களின் அறைகள் கடல்மட்டத்துக்குக் கீழே இருந்தன. சன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் எந்நேரமும் ஒரே இருட்டுதான். அந்த இருட்டில் சுவருக்குள் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தமும், எங்கோ அடியில் இயந்திரம் முனகும் சத்தமும், காயாத துண்டின் வாடையும் சேர்ந்து, ஆள் படுத்திருப்பது ஏதோ ஒரு பெரிய மிருகத்தின் வயிற்றுக்குள் என்பதுபோல இருக்கும்.

கப்பலில் அவளுக்கு வேறு பெயர் கிடையாது. படுக்கை விரிப்புகளைத் தேய்க்கும் பெரிய இயந்திரத்தில் வேலை, அதனால் இஸ்திரி. வலது மணிக்கட்டில் அந்த இயந்திரம் வைத்த சூடு பிறை மாதிரி பளபளக்கும்.

ஆயிரம் பேரை வேலைக்கு வைத்துக்கொண்டு, வேலை முடிந்தபின் அவர்கள் யார் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள்வது லேசான காரியம் இல்லை. கப்பல் அதை விதிகளால் செய்கிறது. சட்டையின் தோளில் மூன்று பட்டை இருந்தால் பயணிகளின் உணவகத்தில் சாப்பிடலாம். ஒரு பட்டை இருந்தால் அவர்கள் தளத்தில் நடக்கலாம், ஆனால் நாற்காலியில் உட்காரக் கூடாது. இஸ்திரியின் தோளில் பட்டையே இல்லை. அவளுக்குக் கிடைத்த சலுகைகள் மூன்று: கயிறு கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் வானம், வேலையாட்களின் சாப்பாட்டறையில் ஒரு தொலைக்காட்சி, அப்புறம் படுக்கைத் திரை.

அந்தத் திரை எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. ஓர் அறைக்கு இரண்டு பேர், மேலே ஒரு படுக்கை, கீழே ஒன்று, ஒவ்வொன்றுக்கும் கனமான நீலத் திரை. இருவருக்கும் வேலை நேரம் வேறு வேறு. ஒருத்தி தூங்கும்போது மற்றவள் குளிப்பாள், உடுத்துவாள், போவாள். திரை மூடியிருந்தால் உள்ளே ஆள் தூங்குகிறாள். தொடக் கூடாது, கூப்பிடக் கூடாது, விளக்குப் போடக் கூடாது. கப்பலில் சண்டை போட்டுக்கொள்ளாத ஆளே இல்லை, ஆனால் அடுத்தவள் திரையைத் தொட்ட ஆளும் இல்லை.

அதனால்தான் மேல் படுக்கைக்காரி வந்து பத்தொன்பது நாளாகியும் இஸ்திரி அவள் முகத்தைப் பார்த்ததில்லை. ரொட்டி அடுப்பில் வேலையாக இருக்கும் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். வாசல் பக்கம் பார்த்து வைத்த ஒரு ஜோடி செருப்பு, குளியலறையில் ஈரம், திரைக்குப் பின்னால் மூச்சு. அவ்வளவுதான் தெரியும். இப்படி வருடக்கணக்கில் முகம் பார்க்காமலே ஒன்றாக இருந்துவிட்டு இறங்கிப் போனவர்கள் உண்டு.

சில நாள் முன்பு அவளுக்கு அந்த முகம் தெரியாத பெண்ணிடம் ஓர் உதவி வேண்டியிருந்தது.

ஒன்பது மாத ஒப்பந்தத்தில் ஒரே ஒருமுறை கப்பல் அவளுடைய ஊர்த் துறைமுகத்துக்கு வருகிறது, ஆறு மணி நேரத்துக்கு. மகள் பாப்பாவுக்கு இப்போது நாலு வயது. வீட்டுக்காரர் அவளை அழைத்து வருவார். குடும்பத்தாருக்கு நுழைவுச் சீட்டு வாங்கினால் இரண்டு மணி நேரம் அவர்கள் கப்பலுக்குள் வரலாம், அறையையும் பார்க்கலாம். நல்ல சலுகைதான். ஆனால் கப்பல் கரையில் நிற்கும்போது தீப்பிடித்தால் அணைக்க ஆள் வேண்டுமே! அதற்காக ஒவ்வொரு துறைமுகத்திலும் மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் இறங்காமல் தங்க வேண்டும். அதற்குப் பெயர் தங்கல். தங்கல் ஆளின் அட்டையில் சிவப்புப் பொட்டு ஒட்டிவிடுவார்கள். சிவப்புப் பொட்டுக்காரர் கரைக்கும் போக முடியாது, விருந்தாளியையும் கூப்பிட முடியாது. அந்த வியாழக்கிழமை தங்கல் பட்டியலில் அவள் பெயர் இருந்தது.

தப்பிக்க ஒரே வழி பதில் ஆள் படிவம். யாருக்குப் பதில், யார் பதில், எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதி வரை. இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும்.

அவள் படிவத்தோடு ஒரு துண்டுச் சீட்டும் எழுதினாள். “பாப்பா வர்றா. ஏழு மாசமாச்சு பாத்து. எனக்குப் பதிலா நீங்க இருந்துடுங்க, ப்ளீஸ்.” இரண்டையும் மேல் படுக்கையின் ஓரத்தில், திரையைத் தொடாமல் செருகினாள்.

வேலை முடிந்து வந்தபோது படிவம் அவள் தலையணைமேல் இருந்தது. கையெழுத்து ஆகியிருந்தது. சீட்டின் பின்புறம் ஒரே வரி: ‘சரி. உங்களுக்குப் பதிலா நான்.’ எழுத்து அவளுடையது மாதிரியே இருந்தது. அவள் ‘ன’வுக்குச் சுழிக்கும் அதே கூடுதல் சுழி. சிரிப்பு வந்தது, உடனே நின்றது.

அலுவலகத்தில் குமாஸ்தா படிவத்தை விரல் நுனியில் பிடித்துப் பார்த்தார்.

“தேதி ரெண்டும் காலியா இருக்கே?”

“கப்பல் புதன்கிழமை சேருமா, வியாழக்கிழமையான்னு உங்களுக்கே தெரியாதே சார். அதான் எல்லாரும் அப்புறமா போட்டுக்கறது.”

“எனக்கே தெரியாதா? நல்லா பேசறீங்க.” முத்திரையை ஓங்கிக் குத்தினார். “எனக்கென்ன. போங்க.”

அன்று மதியம்தான் மேலே மூச்சு அவள் மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கத் தொடங்கியது.

வியாழக்கிழமை கப்பல் சரியாகவே சேர்ந்தது. காலை எட்டு மணிக்கு அவள் குளித்துவிட்டு வந்து அலமாரியைத் திறந்தாள். பாப்பாவுக்குப் பிடித்த மஞ்சள் சுடிதார் இல்லை. துணிகளைக் கலைத்துத் தேடினாள், கட்டிலடியில் தேடினாள். நேரம் ஓடியது. சீருடையையே மாட்டிக்கொண்டு, கொக்கியில் தொங்கிய அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

நடைபாதையில் எதிரே மடிப்பு அண்ணன் வந்தார். அவள் தேய்த்துத் தள்ளும் விரிப்புகளை மடிப்பவர், ஏழு மாதமாக அவளைக் கிண்டல் செய்தே பொழுதை ஓட்டுபவர். ஒதுங்கி வழிவிட்டார்.

“அண்ணே, நேரமாச்சு, பாப்பா வந்துருப்பா!”

அவர் நின்று, புதிய ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “நீங்க இஸ்திரியோட ரூம்ல இருக்கிற பொண்ணுதானே? அவ இப்பத்தான் இறங்கினா. மஞ்சள் சுடிதாரும் அதுவுமா, கல்யாணப் பொண்ணு கெட்டா போங்க.”

“அண்ணே, விளையாடாதீங்க. நான்தான்.”

“எங்கிட்ட எதுக்குங்க விளையாட்டு?” முகம் சுருங்கியது. “வேலையப் பாருங்க.”

கப்பலிலிருந்து இறங்கும் வாசலில் ஓர் இயந்திரம் இருக்கிறது. அட்டையைக் காட்டினால், போகும்போது ஒருமுறை மணி அடிக்கும், வரும்போது இரண்டு முறை. திரையில் அட்டைக்காரரின் படம் வரும். உள்ளே எத்தனை பேர், வெளியே எத்தனை பேர் என்று அதற்கு எப்போதும் தெரியும். அந்த எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் கப்பல் கிளம்பும். ஆள் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். எந்த ஆள் என்பது வாசல் காவலரின் பொறுப்பு.

அவள் அட்டையைக் காட்டினாள். மணி அடிக்கவில்லை. எருமை கத்துவதுபோல ஒரு நீண்ட ஒலி.

“சிவப்புப் பொட்டை வெச்சுக்கிட்டு எங்க கிளம்பிட்டீங்க?” என்றார் காவலர்.

அவள் குனிந்து பார்த்தாள். சிவப்புப் பொட்டு. அட்டையில் அறை எண், அதன்கீழே ‘மேல் படுக்கை’.

“அட்டை மாறிப்போச்சு. நான் கீழ்ப் படுக்கை சார்.”

“கீழ்ப் படுக்கை ஏழு நாப்பதுக்கே இறங்கியாச்சு.” திரையை அவள் பக்கம் திருப்பினார். “இவங்கதானே?”

அவளுடைய முகம். வேலைக்குச் சேர்ந்த அன்று எடுத்த படம். அழுதுவிட்டு வந்த வீங்கிய கண்கள்.

“இதுதான் சார் நான்! நல்லா பாருங்க!”

அவர் படத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். சிரமப்பட்டே பார்த்தார்.

“இல்லையேம்மா” என்றார். “தள்ளி நில்லுங்க, பின்னால ஆள் வருது.”

அலுவலகத்தில் குமாஸ்தா நிமிரக்கூட இல்லை. படிவத்தை எடுத்து மேசைமேல் போட்டார். “கீழ்ப் படுக்கைக்குப் பதில் மேல் படுக்கை. மேல் படுக்கை நீங்க. கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

“இன்னைக்கு மட்டும்தான் சார்! ஒரே நாள்!”

“எங்க எழுதியிருக்கு? ‘வரை’ காலியா இருந்தா, ரெண்டு பேரும் சேந்து வந்து ரத்து பண்ற வரைக்கும். அவங்களக் கூட்டிட்டு வாங்க.” பிறகு, கொஞ்சம் இரக்கத்தோடு, “ரூம்ல போய் இருங்க. எப்படியும் அவங்க அங்கதானே வரணும்.”

அவள் அறைக்குத் திரும்பினாள்.

மேல் படுக்கையின் திரை முதல்முறையாகத் திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை, மெத்தையின் நடுவில் மட்டும் ஆள் படுத்த பள்ளம். ஒருக்களித்து, முழங்காலை மடக்கி. அவள் படுப்பது போலவே. தலைமாட்டில், சுவரோரமாக, ஒரு காகிதம் கிடந்தது. படிவத்தின் நகல். அதில் தேதி இருக்குமோ? அது கிடைத்தால் போதுமே!

ஏணியில் ஏறினாள். எட்டவில்லை. முழங்காலை ஊன்றி உள்ளே நகர்ந்தாள். காகிதம் விரலில் பட்டது.

வெற்றுத் தாள்.

பின்னால் திரையின் வளையங்கள் ஒவ்வொன்றாக நகரும் சத்தம். மெதுவாக. கடைசி வளையம்.

இருட்டு.

திரும்ப முயன்றாள். உடம்பு பள்ளத்தில் சரியாகப் பொருந்தியிருந்தது. கத்தினாள். மூச்சு மட்டும் வந்தது. உள்ளே, வெளியே. உள்ளே, வெளியே.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கதவுப் பூட்டு கிளிக்கென்றது. விளக்கு எரியவில்லை, நடைபாதை வெளிச்சம் மட்டும் திரையின் கீழே ஒரு கோடாக விழுந்தது. ஒரு ஜோடி செருப்பின் சத்தம். இன்னொரு ஜோடி. அப்புறம் விசிலடிக்கும் சின்னச் செருப்பு, கீச், கீச்.

“இவ்வளவுதானா ரூமு? நம்ம வீட்டு பீரோ பெருசு போலிருக்கே” என்றார் வீட்டுக்காரர்.

“மெதுவா பேசுங்க.” அவளுடைய குரல். அவளுடைய சிரிப்பு. “மேல ஆள் தூங்குது.”

நான் இங்கே. நான் இங்கே. மூச்சு மட்டும்.

“அம்மா, மேல யாரு?”

“அது ஒரு அக்காடா தங்கம்.”

“எழுப்பலாமா?”

“கூடாது. திரை மூடியிருந்தா தொடக் கூடாது. அது இங்க சட்டம்.”

கீச். ஏணியின் முதல் படி. கீச். இரண்டாவது. திரையின் ஓரத்தில் ஒரு விரல் நுழைந்தது. இரண்டு. மூன்று. நகத்தில் பாதி உரிந்த ரோஸ் பாலீஷ். முகத்திலிருந்து ஒரு சாண். அவள் அந்த விரல்களை நோக்கித் தன் முழு உயிரையும் ஊதினாள். விரல்களின் மேல் அவள் மூச்சுப் பட்டது. அவை நின்றன.

“அம்மா,” பாப்பா கிசுகிசுத்தாள், “இந்த அக்கா மேல உன் வாசனை வருது.”

பிறகு வெளியிலிருந்து ஒரு கை வந்தது. மணிக்கட்டில் பிறை மாதிரி பளபளக்கும் தழும்பு. அவசரமே இல்லாமல் அது அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகத் திரையிலிருந்து பிரித்து எடுத்தது. முதல் விரல். இரண்டாவது. மூன்றாவது.

அப்புறம், வெளிச்சம் துளிகூட வராதபடி, திரையை நன்றாக இழுத்து மூடியது.