காலிப் படுக்கையின் படம்

படுக்கையில் யாரும் இல்லை. ஆனாலும் திரையில் ஒரு புள்ளி விழுந்திருந்தது.

சாயங்காலம் கிளம்பும் முன் ஸ்கேன் கேமராவை வெறுமனே ஓடவிட்டுப் பார்ப்பது அந்த அறையின் வழக்கம். ஊசிக்கான கதிர்மருந்து எங்கும் சிந்தியிருக்காவிட்டால் திரை கறுப்பாகவே இருக்கும். டெக்னீஷியன் கையுறையை மாட்டிக்கொண்டு படுக்கையைத் துடைத்தாள். விரிப்பை மாற்றினாள். ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏற, ஏ.சி.யின் உறுமலைக் கேட்டபடியே கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து மறுபடி ஓடவிட்டாள். புள்ளி அதே இடத்தில் இருந்தது. கழுத்து வரும் இடம்.

மதியம் சர்ஜன் இதே நாற்காலிக்குப் பின்னால்தான் வந்து நின்றார்.

"நம்ம டீச்சருக்கு நாளைக்குக் கழுத்தை மறுபடி திறக்கிறேன். போன தடவை இடது பக்கம் துழாவித் துழாவிப் பார்த்தும் சுரப்பி அகப்படலை. நரம்புல அடிபட்டு அந்தம்மா குரல் போனதுதான் மிச்சம். அதே பக்கம் இன்னும் ஆழமாப் போகலாம்னு இருக்கேன். உன் படத்தை நம்பலாம்ல?"

"நம்பலாம் சார்."

"என் வீட்டுக்காரியே என்னை இவ்வளவு சீக்கிரம் சமாதானப்படுத்தினதில்லை," என்று சிரித்துவிட்டுப் போனார்.

தைராய்டின் முதுகில் அரிசி போல ஒட்டியிருக்கும் சுரப்பிகளில் ஒன்று டீச்சருக்கு வீங்கி, எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி இரத்தத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. ஊசியில் ஏற்றும் கதிர்மருந்தைத் தைராய்டு சீக்கிரம் விட்டுவிடும். கெட்டுப்போன சுரப்பி விடாது. கடைசியில் மிஞ்சும் புள்ளிதான் சர்ஜனுக்கு வழிகாட்டி. அது எந்தப் பக்கம் என்று தெரிவதற்காக, நோயாளியின் வலது தோளில் படத்தில் ஒளிரும் ஒரு வில்லையை ஒட்டுவார்கள்.

ஸ்கேன் அன்று டீச்சர் படுத்துக்கொண்டே, "ஏம்மா, சிரிக்கணுமா வேண்டாமா? என் கல்யாண போட்டோவுலயே நான் உம்முன்னுதான் இருப்பேன்," என்றார். இவளும் சிரித்துக்கொண்டே கால்மாட்டுப் பக்கமிருந்து வந்து, தன் வலது கைக்கு நேரே இருந்த தோளில் வில்லையை ஒட்டினாள். அது டீச்சரின் இடது தோள். படத்தில் வலது இடதாக மாறிப்போனது.

ஆபரேஷன் முடிந்த அன்றே அவளுக்கு அது உறைத்தது. வேலை நிரந்தரமாகப்போகும் சமயம். வாய் திறக்கவில்லை. வார்டில் டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைத்தபோது, என்ன சொல்கிறார் என்று பார்க்கக்கூட நிற்கவில்லை. அவசர வேலை இருப்பதுபோல நழுவி வந்துவிட்டாள்.

இப்போது புள்ளியைச் சுற்றி, மணலைத் தூவியதுபோல வெளிச்சம் சேரத் தொடங்கியது. ஒரு பொட்டு, அதன் அருகே இன்னொன்று, பிறகு கொத்தாக. தாடைக்குக் கீழ் எச்சில் சுரப்பிகள் தெரிந்தன. கழுத்து. தோள்களின் சரிவு. எத்தனையோ பேருக்கு இப்படிப் படம் ஊறி வருவதை அவள் பார்த்திருக்கிறாள். ஆனால் அங்கே படுத்திருக்க ஒருவர் இருப்பார்.

கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். புது விரிப்பு. வெள்ளை. யாருமில்லை.

தலையணையில் மட்டும் ஒரு குழி.

திரையில் புள்ளி கழுத்தின் வலது பக்கம் நின்றது. உண்மையில் அது இருந்த பக்கம்.

உள்ளே படுத்திருப்பவர்கள் கூப்பிட்டால் கேட்பதற்கு மேஜையில் ஒரு ஸ்பீக்கர் உண்டு. அதில் மூச்சு வந்தது. சொல்லாகப் பார்த்து, ஆகாமல், வெறும் காற்றாக. நின்றது. மறுபடி.

அவள் ஸ்பீக்கரை அணைத்தாள். மூச்சு நிற்கவில்லை.

சொல்லிவிடலாம். வேலை போனால் போகட்டும். டீச்சரின் கழுத்து இன்னொரு முறை வீணாகத் திறக்கப்படக் கூடாது. போனை எடுத்தாள். சர்ஜனின் எண்ணை அழுத்தினாள்.

"சொல்லும்மா," என்றார் சர்ஜன்.

அவள் வாயைத் திறந்தாள். காற்று வந்தது. தொண்டையைக் கையால் பிடித்துக்கொண்டு மறுபடி முயன்றாள். காற்று.

"ஹலோ? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன் சார்."

ஸ்பீக்கரிலிருந்து. அவளுடைய குரல். மதியம் 'நம்பலாம் சார்' என்று சொன்ன அதே குரல்.

"இடது பக்கமே திறங்க சார். பயப்படாம நல்லா ஆழமாப் போங்க."

"ரொம்ப தேங்க்ஸ்மா. இதைத்தான் கேட்கணும்னு இருந்தேன்."

போன் வைக்கப்பட்டது.

திரையில் இருந்த கழுத்து ஒருமுறை எச்சில் விழுங்கியது. பிறகு, மெல்ல, கண்ணாடி இருந்த பக்கம் திரும்பியது.