பன்னிரண்டாம் அறையின் ஒற்றை ஷூ

குர்ஷித் வெந்நீரில் கால் வைத்து உட்காரும் நேரம் பார்த்துத்தான் அருணகிரிக்குப் போன் செய்யத் தோன்றும். வேலூர்க் கோட்டைக்கு எதிர்ச் சந்தில் அவன் லாட்ஜ். அங்கே எது காணாமல் போனாலும், போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அவளைத்தான் கூப்பிடுவான்.

"மேடம், திருட்டு! ஆளையும் பிடிச்சு வச்சிருக்கேன்."

பிடித்த பிறகு நான் எதற்கு என்று அலுத்துக்கொண்டே கிளம்பினாள்.

பிடித்து வைத்திருந்தது, அறைகளைக் கூட்டித் துடைக்கும் செல்லம்மாளை. வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்து வந்து தங்கியிருந்த குடும்பங்கள் படிக்கட்டில் நின்று வேடிக்கை பார்த்தன. போலீசுக்குப் போனால் இந்தச் சந்தில் ஒரு லாட்ஜும் அவளை இனிச் சேர்க்காது. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

பறிகொடுத்தவர் நயீம் அகமது, ஆம்பூர் ஷூ கம்பெனிக்காரர். "எங்க சரக்கை வாங்குற வெளியூர் பையருக்கு நாளைக்குக் காட்ட வேண்டிய புது ஷூ சாம்பிள் மேடம். பன்னிரண்டாம் நம்பர் ரூம்ல வச்சிட்டு ஸ்ரீபுரம் தங்கக் கோயில் பாக்கப் போனேன். வந்து பாத்தா இல்ல. இன்னொரு சாவி இந்தம்மா கிட்டதான் இருக்கு."

"தண்ணி மோட்டார் ரிப்பேர்னு சொல்ல காலையில இவருக்குப் போன் போட்டேன்," என்றான் அருணகிரி. "உடனே எடுத்தாரு. கோயிலுக்குள்ள நிக்கிறேன், அப்புறம் பேசறேன்னாரு. அந்த நேரம் மாடியில இவ மட்டும்தான்."

செல்லம்மாள் சாவிக்கொத்தைக் கையில் பிடித்தபடி சுவரோரம் நின்றாள்.

முழங்கால் வலியோடு குர்ஷித் மாடி ஏறினாள். அருணகிரி செல்போன் வெளிச்சத்தோடு கட்டிலுக்கடியில் தவழ்ந்தான். கதவோரம் நயீமின் சொந்த ஷூ ஜோடி, பெட்டி கூடப் பிரிக்காத புதுசு.

"சாம்பிள் எத்தனை?"

"ஒண்ணு. சாம்பிள்னா ஒத்தைக் காலுக்குத்தான் தைப்போம்."

கீழே வந்து நாற்காலியில் சாய்ந்தாள். எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்து அருணகிரி ஆவலோடு காத்திருந்தான்.

"செல்லம்மா திருடுறவளா இருந்தா, பெட்டியோட இருக்கிற புது ஜோடியை விட்டுட்டு ஒத்தை ஷூவ எடுப்பாளா? அதை யார் கால்ல மாட்டுறது? டிசைனைக் காப்பியடிக்கிறவனுக்குத்தான் அது வேணும். இங்க தங்கியிருக்கிறவங்கள்ல ஷூ தொழில் தெரிஞ்சவர் நயீம் பாய் ஒருத்தர்தான்."

"நான் கோயில்ல இருந்தேனே!"

"ஸ்ரீபுரத்துல போனை வாசல்லயே வாங்கி வச்சிக்குவாங்க பாய். உள்ளேயிருந்து நீங்க எந்தப் போன்ல பேசுனீங்க?"

நயீமின் முகம் வெளுத்தது. அருணகிரி தலையில் அடித்துக்கொண்டான். தங்க வருகிறவர்களில் வாரத்துக்கு ஒருவரையாவது அந்தக் கோயிலுக்கு ஆட்டோ ஏற்றி அனுப்புகிறவன் அவன்.

"ராணிப்பேட்டை கம்பெனி ஒண்ணு வேலை தர்றேன்னுச்சு," என்று முனகினார் நயீம். "சாம்பிளைக் கொண்டாந்து குடுன்னாங்க. காலையில அங்க போய்க் குடுத்துட்டேன். எங்க முதலாளி கேட்டா சொல்றதுக்கு ஒரு திருட்டு வேணும். இந்தம்மா பேரு கெடணும்னு நினைக்கல மேடம்."

செல்லம்மாளைப் பற்றி நினைக்கவே இல்லை என்பதுதான் குர்ஷித்துக்கு எரிச்சலாக இருந்தது. முதலாளிக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்லும்படி சொல்லிவிட்டு எழுந்தாள்.

"சரி சரி, தப்பு உன் மேல இல்ல," என்றான் அருணகிரி செல்லம்மாளிடம், பெரிய மனதோடு. "போய் வேலையப் பாரு."

செல்லம்மாள் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தாள்.

"அவரு பொய் சொன்னாரு, சரி. அவருக்கு நான் யாரோ. உனக்கு என்னைத் தெரியும் இல்ல அண்ணா? என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

அருணகிரி குர்ஷித்தைப் பார்த்தான். அதற்குப் பதில் கண்டுபிடித்துத் தர அவளால் ஆகாது.