எண் ஒன்பது, நந்தவனச் சந்து

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையிலிருந்து உள்ளே இரண்டு திருப்பம் போனால் நந்தவனச் சந்து. பிற்பகல் மூன்று மணிக்கு அல்ஃபியா அங்கே ஸ்கூட்டியை நிறுத்தியபோது மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஐப்பசி மாதத்து வானம் கறுத்தே கிடந்தது.

ஒன்பதாம் எண் வீட்டின் கதவைத் திறந்தவள் மலர்க்கொடி. முப்பது வயதிருக்கும். அல்ஃபியாவின் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"மறுபடியும் நீங்களா? ஒரு வாரமா தினம் ஆள் வந்து பெல் அடிக்கிறீங்க. செல்லக்கிளின்னு இங்க யாரும் இல்லைன்னு எத்தனை தடவைங்க சொல்றது?"

"அதைச் சரி பண்ணத்தான் வந்திருக்கேன் அக்கா. உள்ள வரலாமா?"

செல்லக்கிளி யாரென்று அல்ஃபியாவுக்குத் தெரியும். அதைச் சொல்லும் தைரியம்தான் இல்லை.

தில்லைநகரில் ஒரு மாடி அலுவலகத்தில் அவளுக்கு வேலை. தனியாக வாழும் வயதானவர்களுக்கு அந்தக் கம்பெனி ஒரு லாக்கெட் கொடுக்கும். ஆபத்தென்றால் அதிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். அவர்கள் இருக்கும் இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வெறும் எண்களாக அலுவலகத்துக்கு வந்து சேரும். அல்ஃபியா எழுதிய புரோகிராம் அந்த எண்களை ஒரு மேப் சேவைக்கு அனுப்பி, கதவு எண்ணும் தெருவுமாக விலாசத்தை வாங்கும். உதவிக்குப் போகும் ஆளின் போனுக்கு அது போகும். லாக்கெட்டிலும் ஒலிக்கும்.

"கவலைப்படாதீங்க. ஆள் வந்துட்டிருக்கு. நீங்க இருக்கிற இடம்..." என்று ஆரம்பிக்கும் குரல் அல்ஃபியாவுடையது. அவளே பேசிப் பதிவு செய்தது. லாக்கெட் பேசும். அணிந்திருப்பவர் பேசினால் அதற்குக் கேட்காது.

செல்லக்கிளி ஓய்வு பெற்ற நர்ஸ். அடுத்த தெருவான பண்டாரத் தெருவில், பதினான்காம் எண் வீட்டில் தனியாக இருந்தார். ஆடி மாதம் ஒரு நாள் பின்கட்டுக் கிணற்றில் விழுந்தார். அந்தக் கிணற்றுக்கும் மலர்க்கொடியின் வீட்டுக்கும் நடுவே ஒரு மதில்தான். மேப் சேவை தனக்குத் தெரிந்த பக்கத்துக் கதவு எண்ணை எடுத்துக் கொடுத்தது. எண் ஒன்பது, நந்தவனச் சந்து. இது தோராயமான விலாசம்தான் என்ற குறிப்பும் கூடவே வந்தது. அந்தக் குறிப்பைப் படிக்கும் வரியை அல்ஃபியா எழுதவே இல்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள்.

உதவிக்குப் போன ரஞ்சித், ஒன்பதாம் எண் வீடு பூட்டிக் கிடந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பினான். பதிவேட்டில் இருந்த வீட்டு விலாசத்தை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. பொத்தான் பதினேழு முறை அழுத்தப்பட்டிருந்தது. பதினேழு முறையும் கிணற்றுக்குள் அல்ஃபியாவின் குரல் தப்பான விலாசத்தைச் சொல்லியிருக்கிறது. அது தன் வீடில்லை என்று அந்த அம்மா கத்தியிருக்கக்கூடும்.

மூன்றாம் நாள்தான் உடலை எடுத்தார்கள்.

"லாக்கெட்டுல தண்ணி போயிடுச்சுன்னு அவங்க பையன்கிட்ட சொல்லிட்டேன். நீ வாயைத் திறக்காத," என்றார் முதலாளி கிளமென்ட். அவள் திறக்கவில்லை. புரோகிராமை மட்டும் திருத்தினாள். மகன் கிணற்றை மண் கொட்டி மூடினார். லாக்கெட்டை அஸ்தியோடு காவிரியில் விட்டுவிட்டு மஸ்கட்டுக்குத் திரும்பிப் போனார்.

பத்து நாளுக்கு முன்னால் அந்த லாக்கெட்டிலிருந்து அழைப்பு வந்தது.

அன்றிலிருந்து தினமும் மூன்று இருபதுக்கு. முதல் மூன்று நாள் பண்டாரத் தெரு விலாசம் வந்தது. நாலாம் நாளிலிருந்து எண் ஒன்பது, நந்தவனச் சந்து. "உன் புரோகிராம் மறுபடி உளறுது, நேர்ல போய்ப் பாரு," என்று கிளமென்ட்தான் இன்று அனுப்பினார்.

அல்ஃபியா கூடத்தில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். வீட்டுக்குள் பாசி வாடை அடித்தது. நாள்பட்ட தண்ணீரின் வாடை.

"மத்தியானம் ஆனா இப்படித்தாங்க," என்றாள் மலர்க்கொடி, குரலைத் தாழ்த்தி. "அடுப்படியில தரை நனைஞ்சு போகுது. யாரோ உட்கார்ந்து பேசுற மாதிரி இருக்கு. இவர்கிட்ட சொன்னா மழைத் தண்ணி கசியுதுங்கிறார்."

அல்ஃபியா பத்து நாள் எண்களையும் வரிசையாகப் பார்த்தாள். புள்ளிக்குப் பின் ஐந்தாவது இலக்கம் ஒன்று மாறினால், இடம் ஏறக்குறைய ஒரு மீட்டர் நகர்ந்திருக்கிறது என்று பொருள். முதல் நாள் கிணறு. மூன்றாம் நாள் மதிலோரம். நாலாம் நாள் மதிலுக்கு இந்தப் பக்கம். நேற்று, இந்த வீட்டு அடுப்படி.

புரோகிராம் உளறவில்லை.

சொன்ன விலாசத்துக்கு அந்த அம்மா வந்துவிட்டார்.

அவள் கைபேசி அலறியது. மூன்று இருபது.

அடுப்படியில், கிரைண்டருக்குப் பக்கத்தில், தரையை ஒட்டி ஒரு குரல் எழுந்தது. தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் கொழகொழத்த குரல்.

"கவலைப்படாதீங்க. ஆள் வந்துட்டிருக்கு. நீங்க இருக்கிற இடம்..."

மலர்க்கொடி அல்ஃபியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இதுதாங்க தினமும்..." என்றவள் சட்டென்று கையை விட்டாள். "இது... உங்க குரலு."

அங்கே யாரும் இல்லை. தரையில் நீர் மட்டும் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.

"அம்மா," என்றாள் அல்ஃபியா. "நான் வந்துட்டேன்மா. தப்பு என்னோடதுதான்."

மறுபடி பொத்தான் அழுத்தப்பட்டது. அதே குரல். மறுபடி.

பதினேழு முறை. பிறகு நின்றது.

சுவரில் சாய்ந்து நின்று அவள் எல்லாவற்றையும் மலர்க்கொடியிடம் சொன்னாள். "அன்னிக்கு நாங்க சமயபுரம் போயிருந்தோம்," என்றாள் மலர்க்கொடி. "வீட்ல இருந்திருந்தா சத்தமாவது கேட்டிருக்கும். இப்ப அவங்களை எங்கங்க அனுப்பறது?"

பண்டாரத் தெரு வீடு பூட்டிக் கிடக்கிறது. கையால் எந்த விலாசத்தை எழுதினாலும் அந்த அம்மா அங்கே போய்க் காத்திருப்பார். "காவிரிக்கு நடுவுல ஒரு இடத்தைக் குடுத்துத் தொலை," என்றார் கிளமென்ட் போனில். மூழ்கியவரைத் திரும்பவும் தண்ணீருக்கு அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. அன்று மாலை, லாக்கெட்டுக்கு விலாசம் சொல்லும் வரியையே எடுத்துவிட்டாள். எதுவும் சொல்லாவிட்டால் அடங்கிவிடும் என்று நினைத்தாள்.

இரண்டு நாள் கழித்து மலர்க்கொடி கூப்பிட்டாள். "ஈரம் இல்லீங்க. வாடையும் இல்லை. போயிட்டாங்க போல."

அன்றைய அழைப்பு உறையூரிலிருந்து வந்திருந்தது. மறுநாள் மணப்பாறை சாலையில் ஒரு முறுக்குக் கடை. அதற்கடுத்த நாள் பாலக்கரையில் ஒரு மாடி வீடு. எண்கள் ஊரெங்கும் அலைந்தன. அல்ஃபியா எடுத்த வரியைத் திரும்பச் சேர்த்துப் பார்த்தாள். பயனில்லை. லாக்கெட்டிலிருந்து அழைப்பு மட்டும் வந்தது, அனுப்பிய விலாசத்தை அது வாங்கிக்கொள்ளவில்லை.

ரஞ்சித் வேலையை விட்டுப் போய்விட்டான். ஒவ்வொரு நாளும் அல்ஃபியாவே போனாள். கதவைத் தட்டுவாள். உள்ளே ஈரம் இருக்கும். ஆள் இருக்கமாட்டார்.

கார்த்திகை பிறந்த மூன்றாம் நாள் விலாசம் கைலாசபுரத்துக் குவார்ட்டர்ஸ் ஒன்றைக் காட்டியது. அவள் மணியை அழுத்துவதற்குள் கதவு திறந்தது. கையில் தண்ணீர்ச் சொம்போடு ஒரு பெண் நின்றாள். முகத்தில் குழப்பம்.

"யாருங்க? அந்த அம்மாவோட ஆளா?"

"எந்த அம்மா?"

"இப்பதாங்க வந்தாங்க. உடம்பெல்லாம் நனைஞ்சிருந்துச்சு. இது எந்த இடம்னு கேட்டாங்க. பாவம், வழி தெரியலை போலன்னு விலாசத்தைச் சொன்னேன். ரெண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கிட்டாங்க. 'அப்ப சரி, இங்கயே இருக்கேன்'ன்னுட்டு உள்ள வந்து உட்கார்ந்தாங்க. குடிக்கத் தண்ணி கொண்டாந்து பார்த்தா ஆளைக் காணோம்."

அவள் பேசிக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் பின்னால், கூடத்தில் கிடந்த காலி நாற்காலியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.